நீளமான முடியை நாமே பின்னிக்கொள்வது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்கு இடுப்பைத் தாண்டிய முடி. 13 வயதிலிருந்து நானே பின்னிக்கொள்கிறேன். அதைப் பார்த்துவிட்டு உறவுப் பெண்கள், தோழிகள், அவர்களுடைய மகள்கள், முடி வளர்க்கும் இரண்டு இளைஞர்கள் என்று பலர் வந்து கேட்டிருக்கிறார்கள். ஆள் மாறினாலும் சந்தேகங்கள் அநேகமாக ஒன்றேதான். அவற்றை அவர்கள் கேட்டபடியே எழுதி, என் விரல்களுக்குத் தெரிந்ததைப் பதிலாக வைத்திருக்கிறேன். பின்னுவதற்காகப் பிரிக்கும் ஒவ்வொரு பாகத்தையும் இங்கே ‘கால்’ என்றே சொல்கிறேன்.

எனக்கு ஒன்றுமே தெரியாது. சாதாரண மூன்று கால் பின்னலை முதலிலிருந்து சொல்லித் தருவீர்களா?

முடியைப் பிடரியில் ஒன்றுசேர்த்து மூன்று சமபாகமாகப் பிரியுங்கள். வலது காலை நடுக்காலின் மேலே கொண்டுபோனால், வலது கால் நடுவுக்கு வந்துவிடும். பழைய நடுக்கால் வலது ஓரத்துக்குப் போய்விடும். அடுத்து இடது காலை, இப்போது நடுவில் இருப்பதன் மேலே கொண்டுபோங்கள். வலது, இடது, வலது, இடது. பின்னலின் இலக்கணம் இவ்வளவுதான்.

இலக்கணம் தெரிந்தும் பலருக்குக் கை தடுமாறுவதற்குக் காரணம், மூன்று கால்களை இரண்டு கைகளில் எப்படிப் பிடிப்பது என்பதை யாரும் சொல்லித் தராததுதான். எப்போதும் ஒரு கையில் இரண்டு கால்கள், மறு கையில் ஒரு கால் இருக்க வேண்டும். இரண்டை வைத்திருக்கும் கை, ஓரக்காலைச் சுண்டுவிரலாலும் மோதிர விரலாலும் உள்ளங்கையோடு அழுத்திக்கொள்ளும். நடுக்காலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே பிடித்துக்கொள்ளும். ஒரு காலை மட்டும் வைத்திருக்கும் கை, அதைத் தன் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து நடுக்காலின் மேலே கொண்டுபோகும். அப்போது சும்மா இருக்கும் அதன் கடைசி இரண்டு விரல்கள் பழைய நடுக்காலைக் கொக்கி போல வளைத்து இழுத்துக்கொள்ளும். இப்போது இந்தக் கையில் இரண்டு, அந்தக் கையில் ஒன்று. வேலை கைமாறிவிட்டது.

ஒரு காலை வைத்திருக்கும் கைதான் அடுத்து வேலை செய்ய வேண்டிய கை. இந்த ஒரு விதியை மட்டும் மறக்காதீர்கள். தலைக்குப் பின்னால் எதையும் பார்க்க முடியாத நிலையில் உங்களைக் காப்பாற்றப்போவது இதுதான்.

எவ்வளவு நீளம் இருந்தால் தானே பின்னிக்கொள்ளலாம்?

தோளைத் தொட்டு, ஒரு சாண் கீழே இறங்கினால் போதும். உண்மையில் கற்றுக்கொள்ள அந்த நீளம்தான் வசதி. இடுப்புவரை உள்ள முடியில் கற்கத் தொடங்குகிறவர்களுக்குப் பின்னுவதோடு சிக்கும் சேர்ந்து தொல்லை தரும். அதற்கும் வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

பின்னுவதற்கு முன் சீவுகிறேன், ஆனாலும் நடுவில் சிக்கு வந்துவிடுகிறதே?

எங்கிருந்து சீவத் தொடங்குகிறீர்கள் என்று பாருங்கள். உச்சியிலிருந்து சீப்பை இழுத்தால் வழியில் உள்ள சின்னச் சிக்குகள் எல்லாம் கீழே தள்ளப்பட்டு, நுனியில் ஒரே முடிச்சாகத் திரண்டுவிடும். நுனியிலிருந்து நான்கு விரல் அகலம் மேலே சீப்பை வைத்து அந்தப் பகுதியை மட்டும் முதலில் எடுங்கள். பிறகு இன்னும் நான்கு விரல் மேலே. இப்படியே வேர்வரை ஏறுங்கள். சிக்குக்கு மேலே முடியை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டால் இழுப்பு தலைக்குப் போகாது, வலிக்காது. பல் அகன்ற சீப்பு முதலில். நெருங்கிய பல் உள்ளது தேவைப்பட்டால் கடைசியில்.

நுனியிடம் நான் இவ்வளவு மரியாதை காட்டச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தலைமுடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர்தான் வளர்கிறது. 80 சென்டிமீட்டர் நீளமுள்ள கூந்தலின் நுனி, வேரை விட்டு வெளியே வந்து ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கும். அத்தனை ஆண்டு வெயிலையும் சீப்பையும் அது பார்த்திருக்கிறது. வேர்ப்பக்கத்து முடி தாங்கும் இழுப்பை அது தாங்காது.

கண்ணாடியைப் பார்த்துப் பின்னினால் இடம் வலம் குழம்பிவிடுகிறது. என்ன செய்ய?

கண்ணாடியை விட்டுவிடுங்கள். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இரண்டு கண்ணாடி வைத்துப் பின்ன முயல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கை ஒரு பக்கம் போக, கண் வேறு பக்கம் சொல்ல, இரண்டு நிமிடத்தில் சலித்துவிடுவார்கள். பின்னல் விரல்களின் வேலை. கண்ணை மூடிக்கொண்டு பின்னிப் பாருங்கள். முதல் நாள் அழகாக வராது. ஒரு வாரம் தொடர்ந்து செய்தால், எந்தக் கால் பருமன், எது மெலிவு, எது தளர்ந்திருக்கிறது என்று விரலே சொல்லும்.

முதலில் பழக ஒரு வழி: மூன்று துணிப்பட்டைகளை நாற்காலியின் முதுகில் கட்டிப் பின்னுங்கள். கைப்பிடி பழகியதும், அதே நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, பட்டைகளை உங்கள் பிடரிக்குப் பின்னால் வைத்துப் பார்க்காமல் பின்னுங்கள். அதன் பிறகு முடிக்கு வாருங்கள். கண்ணாடிக்குரிய இடம் கடைசியில்தான், வகிடு நேராக இருக்கிறதா என்று பார்க்க.

பாதி பின்னுவதற்குள் கை மரத்துப்போகிறது. எனக்கு மட்டும்தானா?

எல்லோருக்கும்தான். கைகளை இதயத்துக்கு மேலே உயர்த்தியே வைத்திருந்தால் தோள் சோர்ந்து, விரல்களுக்கு ரத்தம் போவதும் குறைகிறது. முழங்கைகளைப் பக்கவாட்டில் சிறகு போல விரிக்காமல், முடிந்தவரை முகத்துக்கு அருகே, முன்னோக்கி வைத்துக்கொள்ளுங்கள். மேசை முன் உட்கார்ந்து முழங்கைகளை அதன்மேல் ஊன்றிக்கொண்டால் பாதி வலி போய்விடும். ஆனால் தலையைக் குனியாதீர்கள். ஏன் என்று பிடரித் தளர்வு பற்றிய பதிலில் சொல்கிறேன்.

இன்னொன்று, முழுப் பின்னலையும் முதுகுக்குப் பின்னாலேயே முடிக்க வேண்டிய அவசியம் இல்லை. முதல் நான்கைந்து மாற்றுகளைப் (ஓர் ஓரக்காலை நடுவுக்குக் கொண்டுபோவது ஒரு மாற்று) பிடரியில் போட்டுவிட்டு, மீதியைத் தோளைச் சுற்றி முன்னால் கொண்டுவந்து, கையை இறக்கி, கண்ணால் பார்த்துப் பின்னலாம். நான் எப்போதும் அப்படித்தான் செய்கிறேன்.

முன்னால் கொண்டுவந்ததும் எந்தக் காலை எடுப்பது என்று மறந்துவிடுகிறது.

பலர் இந்த இடத்தில்தான் அவிழ்த்துவிட்டு முதலிலிருந்து தொடங்குகிறார்கள். தேவையே இல்லை. பின்னால் இடப்பக்கம் இருந்த கால், பின்னலைக் கழுத்தைச் சுற்றி முன்னால் கொண்டுவந்ததும் உங்கள் பார்வையில் வலப்பக்கம் வந்துவிடும். அதனால்தான் குழப்பம். மூன்று கால்களும் பிரியும் இடத்தை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கொண்டுவாருங்கள். பிறகு இரண்டு ஓரக்கால்களையும் பாருங்கள். ஒன்று பின்னலுக்குள்ளிருந்து சற்று மேலேயே வெளிவந்து காத்துக்கொண்டிருக்கும். மற்றது இப்போதுதான் கீழே வெளிவந்திருக்கும். மேலே வெளிவந்ததுதான் அடுத்து நடுவுக்குப் போக வேண்டியது.

கதவு தட்டும் சத்தம் கேட்டோ, தொலைபேசி அடித்தோ நடுவில் கைவிட நேர்ந்தாலும் இதே அடையாளம்தான். தட்டும்போது பிரியும் இடத்தில் ஒரு கிளிப்பைப் போட்டுவிட்டு எழுந்துபோங்கள்.

மேலே பின்னப் பின்ன, கீழே தொங்கும் முடி தானாகவே சிக்கிக்கொள்கிறதே?

நீளமுடிக்காரர்களுடைய உண்மையான தொல்லை இதுதான். இதற்குச் சரியான காரணம் உண்டு. மூன்று கயிறுகளின் மேல்நுனியைக் கட்டிவிட்டுப் பின்னினால், ஒவ்வொரு மாற்றின்போதும் கீழே தொங்கும் பகுதியும் மாறுகிறது. மேலே ஒரு பின்னல் விழும்போது, உங்கள் கைக்குக் கீழே அதற்கு நேர் எதிரான ஒரு பின்னலும் விழுகிறது. குட்டை முடியில் அது தானாக நழுவி அவிழ்ந்துவிடும். நீளமுடியில் அவிழாது, மேலும் மேலும் இறுகி முடிச்சாகிவிடும்.

ஆகவே மூன்று நான்கு மாற்றுக்கு ஒருமுறை நிறுத்துங்கள். பின்னல் முடியும் இடத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மற்றக் கையின் விரல்களை ஒரு காலுக்குள் விட்டு நுனிவரை ஓட்டி, அந்தக் காலை மட்டும் தனியாக வெளியே இழுத்துவிடுங்கள். மூன்றில் இரண்டு கால்களை இப்படி விடுவித்தால் மூன்றாவது தானே விடுபடும். பத்து மாற்று முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் சீப்பு எடுக்க வேண்டிவரும்.

நுனியில் ஈரக்கையைத் தடவிக்கொள்வதும் ஓரளவு உதவும். மிக நீளமான முடி என்றால் ஒவ்வொரு காலின் நுனியிலும் தனித்தனியாக ஒரு சிறு ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டு, கடைசி ஒரு சாண் வரும்போது கழற்றிவிடுங்கள். நான் தினமும் செய்வதில்லை. நான்கு கால், ஐந்து கால் பின்னும் நாட்களில் செய்கிறேன்.

பின்னி முடித்து நிமிர்ந்தால் பிடரியில் தொளதொளவென்று இருக்கிறது.

குனிந்துகொண்டு பின்னியிருப்பீர்கள். குனியும்போது பிடரித் தோல் விரிகிறது. அந்த நிலையில் முடியைச் சேர்த்தால், நிமிர்ந்ததும் தோல் சுருங்கி முடி பை போலத் தொங்கும். மேலே அண்ணாந்து பின்னினால் இதற்கு நேர்மாறு: பின்னும்போது சரியாக இருக்கும், பிறகு குனியும்போதெல்லாம் பிடரி முடி சுரீரென்று இழுக்கும். தலை நேராக, கண் எதிரே உள்ள சுவரைப் பார்த்தபடி இருக்கட்டும்.

என் பின்னல் ஒரு பக்கமாகத் திரும்பிக்கொள்கிறது, நேராகத் தொங்குவதில்லை.

இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, முடியை ஆரம்பத்திலேயே தோளுக்கு இழுத்துக்கொண்டு பின்னத் தொடங்கியது. பின்னலின் வேர் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கமே முழுப் பின்னலும் போகும். முதல் நான்கைந்து மாற்றுகளைப் பிடரியின் நடுவிலேயே போடச் சொன்னது இதற்காகவும்தான்.

இரண்டாவது, இரண்டு கைகளின் இறுக்கமும் ஒன்றாக இல்லாதது. வலக்கைப் பழக்கம் உள்ளவர்கள் வலது காலை இறுக்கி இழுத்து, இடது காலைச் சும்மா போட்டுவிடுவார்கள். ஒவ்வொரு மாற்றுக்குப் பிறகும் இரண்டு ஓரக்கால்களையும் ஒரே நேரத்தில் பக்கவாட்டில் லேசாக விரித்து இழுங்கள். இறுக்கம் இரு பக்கமும் பங்கிட்டுக்கொள்ளும்.

குளித்துவிட்டு ஈரத்தோடு பின்னலாமா?

சொட்டச் சொட்ட ஈரமாக இருக்கும்போது வேண்டாம். நனைந்த முடி உலர்ந்ததைவிட அதிகம் நீளும், சுலபமாக அறும். இறுக்கிப் பின்னிய ஈரமுடி உள்ளே காயாமல் நாள் முழுவதும் ஈரமாகவே இருப்பதும் உண்டு. வாடை வருவதற்கு அதுவே காரணம்.

அலையலையான முடி வேண்டும் என்பதற்காகப் பின்னுகிறீர்கள் என்றால், முக்கால்வாசி காய்ந்த பிறகு தளர்வாகப் பின்னி, முழுவதும் காய்ந்த பின்பே அவிழுங்கள். முடியில் உள்ள புரதத்தின் ஹைட்ரஜன் பிணைப்புகள் நீர் பட்டால் விடுபட்டு, காயும்போது அப்போதிருக்கும் வடிவத்திலேயே மறுபடி பிணைகின்றன. பாதி ஈரத்தில் அவிழ்த்தால் அலை நிற்காது.

என் முடி பட்டுப்போல வழுக்குகிறது. பின்னிய அரைமணியில் அவிழ்ந்துவிடும்.

தலைக்குக் குளித்த அன்றே பின்னாமல் மறுநாள் பின்னிப் பாருங்கள். வேரில் ஊறும் இயற்கை எண்ணெய் முடிக்குக் கொஞ்சம் பிடிப்பைத் தரும். பின்னும்போது விரல் நுனிகளை மட்டும் லேசாக நனைத்துக்கொள்ளுங்கள். மூன்று கால் பின்னலைவிட, கால்கள் அடிக்கடி மாறும் மீன்வால் பின்னல் இப்படிப்பட்ட முடியில் நன்றாக நிற்கும்.

அடுக்கடுக்காக வெட்டிய முடி. பின்னல் முழுவதும் முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்கிறது.

குட்டை அடுக்குகள் பின்னலின் பாதியிலேயே முடிந்துவிடுவதால் வருவது. முற்றிலும் மறைக்க முடியாது, அதைச் சொல்லிவிடுகிறேன். கால்களைப் பிரிக்கும்போது ஒவ்வொன்றையும் கையில் வைத்து உள்நோக்கி ஒரு முறுக்குக் கொடுத்துப் பின்னினால் நீட்டும் நுனிகள் உள்ளே அடங்கும். அடுக்கு முடியும் இடத்தில் இன்னும் கொஞ்சம் இறுக்குங்கள்.

இரட்டைச் சடை போட்டால் ஒன்று மேலே, ஒன்று கீழே. பருமனும் ஒன்றாக இல்லை.

பருமன் வேறுபடுவது பின் வகிட்டால். முன் வகிட்டை எல்லோரும் கண்ணாடியில் பார்த்து நேராக எடுத்துவிடுவார்கள்; உச்சியிலிருந்து பிடரிவரை வருவது கண்ணுக்குத் தெரியாது, அது வளைந்துவிடும். சீப்பின் வால்நுனியை உச்சியில் வைத்து, மறு கையின் ஒரு விரலைப் பிடரிக்குழியில் வைத்துக்கொண்டு, அந்த விரலை நோக்கிச் சீப்பைக் கோடு போல இழுங்கள். இரண்டு பக்க முடியையும் இரண்டு கைகளில் பிடித்து எடை பாருங்கள். பருமன் வேறுபாடு கைக்குத் தெரியும்.

உயரத்துக்குக் காதுமடல்தான் அளவு. இரண்டையும் மடலின் அடிநுனி மட்டத்தில், காதுக்குப் பின்னால் தொடங்குங்கள். காதுக்கு முன்னால் தொடங்கினால் சடை முன்பக்கமாக வளைந்தே நிற்கும். மூன்று மாற்றுக்குப் பிறகு முன்னால் கொண்டுவந்துகொள்ளலாம். எந்தப் பக்கம் உங்களுக்குக் கை வராதோ அந்தப் பக்கத்தை முதலில் பின்னுங்கள். தோள் சோராத நேரத்தில் கடினமான வேலை முடிந்துவிடும்.

பிரெஞ்சு பின்னலை எனக்கு நானே போட்டுக்கொள்ள முடியுமா? மற்றவர்களுக்குப் போட வருகிறது, எனக்கு வரவில்லை.

முடியும். மற்றவர்களுக்குப் போடும்போது கண்ணால் பழகியிருக்கிறீர்கள்; உங்கள் தலைக்கு அது உதவாது. முதல் பதிலில் சொன்ன கைப்பிடி இங்கே கட்டாயம். அது விரலில் ஏறாமல் பிரெஞ்சு பின்னலுக்கு வராதீர்கள்.

நெற்றிக்கு மேலே மூன்று விரல் அகல முடியை எடுத்து மூன்று காலாக்கி, வலம் ஒன்று, இடம் ஒன்று மாற்றுங்கள். அதன்பின் ஓரக்காலை நடுவுக்குக் கொண்டுபோவதற்கு முன்பு, அந்தப் பக்கத்து நெற்றியோரத்திலிருந்து ஒரு மெல்லிய கொத்தைச் சுண்டுவிரலால் வாரி, ஓரக்காலோடு சேர்த்து, இரண்டையும் ஒன்றாகவே மேலே கொண்டுபோங்கள். முதலில் சேர்ப்பு, பிறகு மாற்று. கொத்துகள் ஒரே அளவாக இருக்க, சுண்டுவிரலின் அகலத்தை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். கைகள் தலையை விட்டு விலகவே கூடாது. விரல் முட்டிகள் தலைத்தோலைத் தொட்டுக்கொண்டே இறங்க வேண்டும். கை ஓர் அங்குலம் விலகினாலும் அந்த இடத்தில் முடி கூடாரம் போல எழும்பி நிற்கும். பிடரியில் சேர்க்க இனி முடி இல்லை என்றானதும் சாதாரணப் பின்னலாகத் தொடர்ந்து, முன்னால் கொண்டுவந்து முடிக்கலாம். நீளமுடியில் கொத்து எடுக்கும்போதெல்லாம் நுனி மற்ற முடியோடு மாட்டிக்கொண்டு வரும். ஒவ்வொரு முறையும் கொத்தை நுனிவரை வெளியே இழுத்துவிட்டுத்தான் சேர்க்க வேண்டும். பொறுமை தேவைப்படும் இடம் அது ஒன்றுதான்.

டச்சு பின்னல் என்கிறார்களே, அது வேறா?

எல்லாம் அப்படியே, ஓரக்காலை நடுக்காலின் மேலே கொண்டுபோவதற்குப் பதில் அடியில் கொண்டுபோக வேண்டும். பின்னல் தலையின்மேல் ஒட்டவைத்தது போலப் புடைத்து நிற்கும். தனக்குத்தானே போடுவதற்கு இது பிரெஞ்சு பின்னலைவிடச் சுலபம் என்பது என் அனுபவம். பின்னல் வெளியே புடைத்திருப்பதால் எங்கே இருக்கிறோம் என்று விரலுக்குத் தெரிகிறது.

மீன்வால் பின்னல் பார்க்க மிகக் கடினமாக இருக்கிறதே?

ஆயிரங்கால் பின்னல் என்றும் சொல்வார்கள். அந்தப் பெயர்தான் பயமுறுத்துகிறது. உண்மையில் கையில் இருப்பது இரண்டே பாகங்கள். வலப் பாகத்தின் வெளியோரத்திலிருந்து மெல்லிய கொத்தை எடுத்து, மேலாகக் கொண்டுபோய் இடப் பாகத்தின் உள்பக்கத்தில் சேர்க்க வேண்டும். பிறகு இடப் பாகத்தின் வெளியோரத்திலிருந்து வலப் பாகத்துக்கு. இரண்டே பாகம் என்பதால் குழப்பமே கிடையாது. நேரம்தான் ஆகும். கொத்து எவ்வளவு மெலிதோ, பின்னல் அவ்வளவு நேர்த்தி, நேரமும் அவ்வளவு அதிகம். அவசரமான காலையில் கொத்தைப் பருமனாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நான்கு கால், ஐந்து கால் பின்னலைத் தானே பின்ன முடியுமா?

முன்னால் கொண்டுவந்து பின்னினால் முடியும். நான்கு காலுக்கு எப்போதும் ஒரே ஓரத்திலிருந்து எடுங்கள். வலது ஓரக்கால் பக்கத்துக்காலின் மேலே, அடுத்ததன் அடியில், கடைசிக்காலின் மேலே என்று போய் இடது ஓரம் சேர வேண்டும். மறுபடி வலது ஓரம். மேல், கீழ், மேல் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பின்னுங்கள்.

ஐந்து காலில் நடு என்று ஒன்று உண்டு. அதனால் அது நான்கைவிட ஒழுங்காக வரும். வலது ஓரக்கால் ஒன்றன் மேலே, அடுத்ததன் அடியில் போய் நடுவாகும். இடது ஓரக்காலும் அப்படியே மேல், கீழ், நடு. எனக்குப் பிடித்த பின்னல் இதுதான். பாய் முடைந்தது போலத் தட்டையாக, அகலமாக விழும். ஆனால் கால்கள் கூடக் கூடப் பின்னல் தொங்கும் நீளம் குறையும், கீழே சிக்குவதும் கூடும். எதிர்ப்பின்னலை விடுவிப்பது பற்றி மேலே சொன்னதை இங்கே இரண்டு மாற்றுக்கு ஒருமுறை செய்யுங்கள்.

கயிறு மாதிரி முறுக்கினால் உடனே பிரிந்துவிடுகிறது.

இரண்டு கால்களையும் ஒரே திசையில், உதாரணமாக வலப்பக்கமாக, தனித்தனியே முறுக்க வேண்டும். பிறகு அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக இடப்பக்கமாகச் சுற்ற வேண்டும். கால்களின் முறுக்கும் அவற்றைச் சுற்றும் திசையும் எதிரெதிராக இருந்தால், ஒவ்வொன்றும் அவிழப் பார்க்கும் விசை மற்றதை இறுக்கும். கயிறு திரிப்பதும் இந்த முறையில்தான். நீங்கள் முறுக்கிய பக்கமே சுற்றியும் இருப்பீர்கள்.

ரப்பர் பேண்ட் எங்கே போடுவது? எது நல்லது?

துணி சுற்றியது. வெறும் ரப்பர் முடியோடு ஒட்டி, கழற்றும்போது அறுத்துக்கொண்டு வரும். போடும் இடம் நுனியிலிருந்து மூன்று நான்கு விரல் மேலே. கால்கள் மெலிந்து, ஒன்று மற்றதைவிடக் குட்டையாகிவிட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். அதற்குக் கீழே பின்னியும் பயன் இல்லை, நிற்காது. தினமும் ஒரே இடத்தில் கட்டாமல் ஒரு விரல் மேலே கீழே மாற்றிக் கட்டினால், ஒரே இடத்தில் முடி தேய்ந்து அறுவது குறையும்.

இறுக்கிப் பின்னினால் முடி வேகமாக வளரும் என்கிறார்களே?

இல்லை. முடி வளர்வது தோலுக்குள் இருக்கும் வேரில். வெளியே வந்துவிட்ட முடியை எப்படிப் பின்னினாலும் வளரும் வேகம் கூடாது. பின்னல் செய்வது வேறொன்று: காற்றில் பறந்து சிக்கு விழாமல், உடையிலும் நாற்காலியிலும் உரசி அறாமல் காப்பாற்றுகிறது. வளர்ந்தது அறாமல் தங்குவதால் நீளம் கூடுவது போலத் தெரிகிறது.

இறுக்கத்தால் வருவது கெடுதல்தான். நெற்றியோரமும் காதோரமும் மாதக்கணக்கில் இழுபட்டுக்கொண்டே இருந்தால் அங்கே முடி மெலிந்து, வகிடும் நெற்றியும் பின்வாங்கும். ஆரம்பத்திலேயே இழுப்பை நிறுத்தினால் முடி திரும்ப வளரும். ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் வேர் தழும்பேறி, அந்த இடத்தில் முடி நிரந்தரமாகவே வராமல் போகலாம். இதை நான் மிகவும் கவலையோடு சொல்கிறேன். குறிப்பாகச் சிறுமிகளுக்குப் பின்னிவிடும் பெரியவர்கள், பிள்ளை வலிக்கிறது என்றால் நம்புங்கள்.

எவ்வளவு இறுக்கம் சரி என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பின்னி முடித்ததும் புருவங்களை உயர்த்துங்கள். நெற்றியோரத்தில் சுருக்கென்று இழுத்தால் அதிகம். வேரைச் சுற்றிச் சின்னக் கொப்புளங்கள் தெரிந்தாலும், அவிழ்த்த பிறகு தலைத்தோல் நோவெடுத்தாலும் அதிகம். பின்னலின் உடம்புப் பகுதியை வேண்டிய அளவு இறுக்கிக்கொள்ளுங்கள். முதல் இரண்டு மாற்றுகளை மட்டும் தளர விடுங்கள். பின்னல் குலையாது, தலையும் வலிக்காது.

உச்சியில் உயரமாகக் கட்டிப் பின்னுகிறவர்களுக்குத் தலைவலி வருவது இறுக்கத்தால் மட்டும் இல்லை. அத்தனை முடியின் பாரமும் ஒரே இடத்தில் தொங்குகிறது. அடர்த்தியான நீளமுடிக்குப் பிடரிதான் ஏற்ற இடம்.

அவிழ்க்கும்போது கொத்தாக முடி கையோடு வருகிறது. பயமாக இருக்கிறது.

எத்தனை நாள் கழித்து அவிழ்த்தீர்கள் என்று முதலில் எண்ணுங்கள். ஒருவருக்கு நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிவரை உதிர்வது இயல்பு. பின்னலுக்குள் இருக்கும்போது உதிர்ந்த முடி கீழே விழ வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிடும். மூன்று நாள் கழித்து அவிழ்த்தால் 150 முதல் 300 வரை ஒன்றாகக் கையில் வரலாம். பார்க்கப் பெரிதாகத் தெரியும், ஆனால் மூன்று நாளுக்குரிய கணக்குதான் அது.

வந்த முடிகள் முழு நீளமாக, ஒரு முனையில் சின்ன வெள்ளைக் குமிழோடு இருந்தால் இயல்பாக உதிர்ந்தவை. குட்டைக் குட்டையாக, குமிழ் இல்லாமல் இருந்தால் அறுந்தவை; சீவும் விதத்தையும் ரப்பர் பேண்டையும் கவனியுங்கள். தினமும் அவிழ்த்துப் பின்னியும் கொத்தாக வந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

இரவில் பின்னிக்கொண்டு படுக்கலாமா?

படுக்கலாம், நல்லதும்கூட. தளர்வாக மூன்று கால் போதும். படுக்கும்போது பின்னலை முதுகுக்கு அடியில் விடாமல் தலையணைக்கு மேலே எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். புரளும்போது இழுபடாது.

எனக்குச் சுருட்டை முடி. உலர்ந்ததும் சீப்பே இறங்காது.

உலர்ந்த சுருட்டையைச் சீவாதீர்கள். சுருள்கள் பிரிந்து பஞ்சாக எழும்பும், அறவும் செய்யும். லேசான ஈரத்தில் கண்டிஷனர் தடவி, விரல்களால் முதலில் சிக்கெடுத்து, பிறகு அகன்ற பல் சீப்பால் வாரிப் பின்னுங்கள். ஈரம் பற்றி மேலே சொன்ன எச்சரிக்கை இங்கும் உண்டு: லேசான ஈரம்தான், சொட்டும் ஈரம் இல்லை. காய்ந்ததும் சுருட்டை சுருங்கும் என்பதால் தொடக்கத்தை வழக்கத்தைவிடத் தளர்வாக விடுங்கள்.

தோளை உயர்த்தவே முடியாது, அடிபட்டிருக்கிறது. நான் என்ன செய்வது?

ஒரு முறை தோள் சுளுக்கி மூன்று வாரம் எனக்கும் வலக்கை காதுக்கு மேலே போகவில்லை. அப்போது கண்டுபிடித்த முறை இது. தலையைச் சற்றே ஒரு பக்கம் சாய்த்தால் முடி முழுவதும் அந்தத் தோளின்மேல் தானாக இறங்கும். நல்ல கையால் அதை ஒன்றுசேர்த்து, காதுக்குக் கீழே துணி ரப்பர் பேண்டால் தளர்வாக ஒரு கட்டுப் போடுங்கள். இனி முடியைத் தூக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. கட்டுக்குக் கீழே, மார்புக்கு நேராக, கைகளை மடியளவு இறக்கி வைத்தே பின்னலாம். நுனியைக் கட்டியபின் மேலே போட்ட கட்டைக் கழற்றிவிடலாம், அல்லது அப்படியே விட்டுவிடலாம்.

ஒரு கைதான் வேலை செய்யும் என்றால், அதே கட்டுக்குக் கீழே முடியை இரண்டாக்கி ஒரு காலைப் பற்களாலோ, சட்டையில் குத்திய ஒரு கிளிப்பாலோ பிடித்துக்கொண்டு கயிறு போல முறுக்குங்கள். கயிற்றுப் பின்னலுக்கு இரண்டே கால்கள் என்பதால் ஒரு கையும் ஒரு கிளிப்பும் போதுமானவை. எனக்கு அந்த மூன்று வாரமும் அதுதான் தினசரிப் பின்னல்.